டிஸ்க் செல்லைச் சீண்டிப் பார்க்கும் முன்: ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு

முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கின் ஆய்வுக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதல் மாதத்திலேயே ஒரு சோதனையைச் செய்துவிடுகிறார்கள். தட்டில் வளரும் டிஸ்க் செல்களில் அழற்சியைத் தூண்டும் புரதமான இன்டர்லூக்கின்-1 பீட்டாவைச் சேர்ப்பார்கள், 24 மணி நேரம் கழித்து ஆர்.என்.ஏ. எடுப்பார்கள், திசுவை வெட்டும் நொதியான எம்.எம்.பி.-3 எகிறியிருப்பதைப் பார்த்து மகிழ்வார்கள். எகிறாவிட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும். தோலில் இருந்து எடுத்த, நார் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லும் மூட்டுக் குருத்தெலும்புச் செல்லும்கூட ஏறத்தாழ இதையேதான் செய்யும்.

அப்படியானால் டிஸ்க் செல்லைத் தனியாக எதற்குப் படிக்க வேண்டும்? அது வாழும் இடத்துக்காக. மற்ற செல்கள் செத்துப்போகும் அல்லது முடங்கிப்போகும் சூழலில் அது பல பத்தாண்டுகள் குடித்தனம் நடத்துகிறது. அந்தச் சூழலைத் தெரிந்துகொள்ளாமல் சோதனையைத் தொடங்கினால், நீங்கள் அளப்பது அழற்சியையா, உங்கள் இன்குபேட்டர் கொடுத்த தொல்லையையா என்று உங்களுக்கே தெரியாது.

ஒரு சொல் விளக்கம். தமிழில் அழுத்தம் என்றால் எடை கொடுக்கும் அழுத்தமும் வரும், மன அழுத்தமும் வரும். டிஸ்க்கில் இரண்டும் ஒரே பத்தியில் வந்து குழப்பும். அதனால் எடை தரும் விசையை மட்டும் அழுத்தம் என்கிறேன். செல்லின் ஸ்ட்ரெஸ்ஸை நெருக்கடி என்கிறேன்.

முதல் படி: ஒரு டிஸ்க்கைக் கையில் எடுங்கள்

கட்டுரைகளைப் படிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பல ஆய்வகங்களில் பயிற்சிக்குக் கைகொடுப்பது மாட்டு வால்தான். சதையை நீக்கிவிட்டு வாலை மெல்ல வளைத்தால் எந்த இடத்தில் அசைவு இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். அங்கே கத்தியை வையுங்கள். எலும்பில் முட்டி நின்றால் இடம் தவறு. சரியான இடமென்றால் கத்தி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

திறந்ததும் முதலில் தெரிவது வெள்ளை வெளேரென்ற வளையங்கள், வெட்டிய மரத்தில் தெரிவதைப் போல. இது நார்வளையம், ஆனுலஸ். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஓர் அடுக்கின் நார்கள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்த அடுக்கின் நார்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். நடுவில் பளபளவென்று கூழ். இதுதான் நியூக்ளியஸ் பல்போசஸ். இடுக்கியால் தூக்கினால் அறுந்துவிடாமல் இழுபடும். அதில் ஒரு துண்டை உப்புக்கரைசலில் போட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி, வேறு வேலையை முடித்துவிட்டு வந்து பாருங்கள். துண்டு உப்பியிருக்கும்.

டிஸ்க்கின் வேலை முழுவதும் அந்த உப்பலில் இருக்கிறது. அக்ரிகான் என்ற பெரிய மூலக்கூறின் சர்க்கரைச் சங்கிலிகள் எதிர்மின் ஏற்றம் கொண்டவை. அவை சோடியத்தை இழுக்க, சோடியத்தோடு தண்ணீரும் வருகிறது. அப்படி உப்பப் பார்க்கும் கூழை நார்வளையம் சுற்றிலும் கட்டிப்பிடித்து வைக்கிறது. உடல் எடையைத் தாங்குவது இந்த இழுபறிதான்.

இதில் செல் எங்கே? தேடித்தான் பிடிக்க வேண்டும். டிஸ்க்கின் கொள்ளளவில் செல்களின் பங்கு சுமார் 1 சதவீதம். மனித டிஸ்க்கின் நடுக்கூழில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 40 லட்சம், நார்வளையத்தில் சுமார் 90 லட்சம். இந்த 40 லட்சத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் படி: நோட்டின் முதல் பக்கத்தில் அதன் அன்றாடத்தை எழுதுங்கள்

உடலில் ரத்தக்குழாய் இல்லாத திசுக்களில் மிகப் பெரியது டிஸ்க். வளர்ந்த மனிதரின் இடுப்பு டிஸ்க்கில் நடுவிலுள்ள செல்லுக்கும் மிக அருகிலுள்ள ரத்தக்குழாய்க்கும் இடையே 6 முதல் 8 மில்லிமீட்டர் தூரம். ஆக்சிஜனும் குளுக்கோஸும் மேலும் கீழும் உள்ள முனைத்தகடுகள் என்ற மெல்லிய குருத்தெலும்புத் தகடுகள் வழியே ஊறித்தான் வந்து சேர வேண்டும். லாக்டிக் அமிலக் கழிவும் அதே வழியில் ஊறித்தான் வெளியேற வேண்டும்.

இதனால் நடுக்கூழ்ச் செல்லுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 1 முதல் 5 சதவீதம்தான். நாம் செல் வளர்க்கும் சாதாரண இன்குபேட்டரிலோ 20 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ஆக்சிஜனை நம்பிப் பிழைக்க முடியாததால் செல் குளுக்கோஸை நொதித்தே ஆற்றல் எடுக்கிறது. ஆகவே ஆக்சிஜன் குறைந்தால் தாக்குப்பிடிக்கும் இந்தச் செல், குளுக்கோஸ் தீர்ந்தால் சில நாட்களில் செத்துவிடும். நல்ல டிஸ்க்கில் பி.எச். 7-ஐ ஒட்டியிருக்கும். சிதைந்த டிஸ்க்கில் 6.5 வரை, சிலவற்றில் அதற்கும் கீழே இறங்கும். உப்பு முதலிய கரைந்த பொருள்களின் செறிவான ஆஸ்மோலாரிட்டி லிட்டருக்கு 400 முதல் 500 மில்லியாஸ்மோல். கடையில் வாங்கும் ஊடகத்தில், அதாவது செல் வளர்க்கும் ஊட்டக் கரைசலில், அது 300-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

எடை தரும் அழுத்தத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். 1999-இல் வெளியான அளவீட்டில், தன்னார்வலர் ஒருவரின் இடுப்பு டிஸ்க்குக்குள்ளேயே உணரியை வைத்துப் பார்த்தார்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல், நிற்கும்போது 0.5, முதுகை வளைத்து 20 கிலோ தூக்கும்போது 2.3. ஒரே நாளில் இருபது மடங்குக்கு மேல் ஏறி இறங்கும் அழுத்தம் இந்தச் செல்லுக்குச் சகஜம். பகலில் டிஸ்க்கிலிருந்து நீர் பிழியப்படுகிறது, இரவில் திரும்ப ஊறுகிறது. காலையில் நாம் சற்று உயரமாக இருப்பது இதனால்தான்.

ஆக, குறைந்த ஆக்சிஜன், கூடுதல் அமிலம், கூடுதல் உப்பு, ஏறி இறங்கும் எடை எல்லாம் இதற்குப் பழகிப்போனவை. நெருக்கடி என்று நாம் சொல்வது இந்த எல்லைகளைத் தாண்டியதை, அல்லது எல்லைக்குள்ளேயே ஓய்வில்லாமல் நீண்டதை.

மூன்றாம் படி: தீ பரவும் சுற்றை மனப்பாடமாக வரையுங்கள்

ஒரு தாளில் வட்டமாக வரையச் சொல்வேன், நேர்கோடாக அல்ல. வரிசையாக வரைந்தால் எது காரணம், எது விளைவு என்ற சண்டை முடியவே முடியாது. சுற்றாக வரைந்தால் எந்த இடத்தில் நுழைந்தாலும் அடுத்த இடத்துக்குப் போய்விடலாம்.

முனைத்தகடு கெட்டியாகி ஊட்டம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். செல்லின் மைட்டோகாண்ட்ரியா தடுமாறும், வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும். சுருக்கமாக ஆர்.ஓ.எஸ். இவற்றை அடக்கும் மரபணுக்களைத் திறக்கும் என்.ஆர்.எஃப்.-2 என்ற புரதத்தின் பாதுகாப்பு ஓரளவு சமாளிக்கும். சமாளிக்க முடியாத மிச்சம் டி.என்.ஏ.வையும் புரதங்களையும் பதம் பார்க்கும். புரதங்களை மடித்து உருவாக்கும் செல் உறுப்பான எண்டோபிளாஸ்மிக் வலைக்குள் சரியாக மடியாத புரதங்கள் குவிந்தால் அங்கே தனியாக ஓர் அபாய மணி அடிக்கும். பெர்க், ஐ.ஆர்.இ.-1, ஏ.டி.எஃப்.-6 என்று மூன்று மணிகள். கொஞ்ச நேரம் அடித்தால் செல் புரத உற்பத்தியைக் குறைத்துச் சுதாரிக்கும். நாள் கணக்கில் அடித்தால் சாப் என்ற புரதம் ஏறி, தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

இந்த வழிகள் பலவும் வந்து சேரும் சந்தி, என்.எஃப். கப்பா பி என்ற மரபணு இயக்கும் புரதம். ஓய்வாக இருக்கும்போது இது சைட்டோபிளாசத்தில் கட்டிப்போடப்பட்டிருக்கும். கட்டு அவிழ்ந்ததும் உட்கருவுக்குள் ஓடி, டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-6, 8 முதலியவற்றின் மரபணுக்களைத் திறந்துவிடும். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இங்கேதான். சிதையும் டிஸ்க்கில் அழற்சி மூலக்கூறுகளைச் சுரக்க வெளியிலிருந்து நோயெதிர்ப்புச் செல்கள் வந்தாக வேண்டியதில்லை. டிஸ்க் செல்லே சுரக்கும். சுரந்தது தன் மீதும் பக்கத்துச் செல் மீதும் படும், மறுபடி என்.எஃப். கப்பா பி விழிக்கும்.

அதோடு கத்தரிக்கோல்களும் இறங்கும். அடாம்ட்ஸ்-4, அடாம்ட்ஸ்-5 இரண்டும் அக்ரிகானை வெட்டும். எம்.எம்.பி.-1, 3, 13 நார்ப்புரதமான கொலாஜனையும் மற்றவற்றையும் வெட்டும். புது அக்ரிகான், டைப் 2 கொலாஜன் உற்பத்தியும் அதே வேளையில் குறையும். அக்ரிகான் போனால் நீர் போகும், நீர் போனால் எடை சமமாகப் பரவாது, ஓரிடத்துச் செல்கள் மட்டும் நசுங்கும். வெட்டுப்பட்ட ஃபைப்ரோநெக்டின், ஹயலூரனன் துண்டுகள் ஆபத்தை உணரும் செல்லின் டோல் ஏற்பிகளில் போய் ஒட்டி, இங்கே காயம் என்று மறுபடி கத்தும். வட்டம் மூடிவிட்டது பாருங்கள்.

வட்டத்துக்கு வெளியே இரண்டு அம்புகள் போட வேண்டும். ஒன்று, முதுமையடைந்த செல்கள். சேதப்பட்ட செல் சில நேரம் சாகாது, பிரியவும் பிரியாது. செல் பிரிதலை நிறுத்தும் பி-16, பி-21 புரதங்கள் ஏறி அப்படியே உட்கார்ந்துகொண்டு, அழற்சி மூலக்கூறுகளையும் கத்தரிக்கோல்களையும் ஆண்டுக்கணக்கில் கசியவிடும். செத்துத் தொலைந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்ற வைக்கும் செல் இது. இன்னொன்று, நரம்பு. அழற்சியில் இருக்கும் டிஸ்க் செல் நரம்பு வளர்ச்சிக் காரணியான என்.ஜி.எஃப்.-ஐச் சுரக்கும். நல்ல டிஸ்க்கில் வெளி வளையங்களோடு நின்றுவிடும் நரம்பு முனைகள், சிதைந்த டிஸ்க்கில் உள்ளே நீண்டு வளர்வதைக் கண்டிருக்கிறார்கள். தேய்மானம் வலியாக மாறும் வழிகளில் இது ஒன்று.

அழற்சி எப்போதும் வில்லனும் அல்ல. டிஸ்க் கிழிந்து கூழ் வெளியே பிதுங்கினால், அதாவது பேச்சு வழக்கில் ஜவ்வு விலகினால், அந்தத் துண்டை மாக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள் சூழ்ந்து கரைப்பதுண்டு. அறுவை சிகிச்சை இல்லாமலே பலரிடம் பிதுக்கம் சுருங்குவதற்கு அந்த அழற்சிக்கும் பங்கு உண்டு. ஆகவே "அழற்சியை அடக்கினோம், எனவே நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள்.

நான்காம் படி: செல்லுக்கு வீடு கட்டிக் கொடுங்கள்

கூழை நறுக்கி, முதலில் புரோனேஸ், பிறகு கொலாஜினேஸ் என்ற புரதம் கரைக்கும் நொதிகளில் ஊறவைத்துச் செல்களைப் பிரிக்கிறோம். இந்த நொதிக்குளியலே பெரிய நெருக்கடி. அதை முடித்த கையோடு அழற்சி மரபணுக்களை அளந்தால் எல்லாம் ஏற்கெனவே ஏறியிருக்கும். சில நாட்களாவது ஓய்வு கொடுங்கள்.

தட்டையான பிளாஸ்டிக்கில் வளர்த்தால் இன்னொரு சிக்கல். உருண்டையாக இருந்த செல் படர்ந்து நீண்டு ஃபைப்ரோபிளாஸ்ட் போல ஆகிவிடும். டைப் 2 கொலாஜன் குறையும், டைப் 1 ஏறும். எத்தனை முறை பிரித்து நடுகிறீர்களோ அத்தனைக்கு அது டிஸ்க் செல்லாக இருப்பதை மறக்கும். நான் இரண்டாம் நடவுக்கு மேல் போவதில்லை.

வழி, கடற்பாசியிலிருந்து கிடைக்கும் கூழான ஆல்ஜினேட்டில் செய்த மணிகள். 1.2 சதவீத ஆல்ஜினேட்டில் செல்களைக் கலந்து, ஊசி வழியே சொட்டுச் சொட்டாக 102 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு கரைசலில் விடுங்கள். சொட்டு கரைசலைத் தொட்டதும் பாசிமணி போல உருண்டு நின்றுவிடும். அவசரப்பட்டு வேகமாக அழுத்தினால் மணிக்கு வால் முளைக்கும், இரண்டு மூன்று ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடம் கெட்டியாக விட்டுக் கழுவுங்கள். செல் எத்தனை போடுவது? அந்த 40 லட்சம்தான், ஒரு மில்லிலிட்டருக்கு. செல்லைத் திரும்ப எடுக்க 55 மில்லிமோலார் சோடியம் சிட்ரேட் போதும், மணி கரைந்துவிடும்.

ஊடகத்தில் லிட்டருக்கு 1 கிராம் குளுக்கோஸ் உள்ளதை எடுங்கள். 4.5 கிராம் உள்ளது டிஸ்க் கனவிலும் காணாத அளவு. உப்புச் சேர்த்து ஆஸ்மோலாரிட்டியை 400-க்கு உயர்த்துங்கள். ஆக்சிஜனை 5 சதவீதம் அல்லது அதற்கும் கீழே வையுங்கள். புது ஊடகத்தையும் முந்தைய இரவே அந்தக் குறைந்த ஆக்சிஜன் அறைக்குள் வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஊடகம் மாற்றும் ஒவ்வொரு முறையும் செல்லுக்கு ஆக்சிஜன் அபிஷேகம் நடக்கும்.

இவ்வளவு வசதி இல்லாத ஆய்வகமா? சரி, குறைந்தபட்சம் குளுக்கோஸையும் மணிகளையும் சரிசெய்யுங்கள். ஆக்சிஜன் 20 சதவீதம் என்பதை முறைகள் பகுதியில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: ஒரே ஒரு நெருக்கடி

ஒரு சோதனையில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். எதை மாற்றுவது என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது.

இன்டர்லூக்கின் போன்ற சைட்டோகைன் என்றால் பெரும்பாலான கட்டுரைகளில் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் என்று இருக்கும். திசுவில் அளந்தால் கிடைப்பது பெரும்பாலும் பிக்கோகிராம் கணக்கில். 10 நானோகிராமில் தெளிவான பதில் வரும் என்பது உண்மை, ஆனால் அது வீட்டில் கொசு விரட்ட வெடி வைப்பது போல. 0.1, 1, 10 என்று மூன்று அளவிலும் போடுங்கள். புரதத்தைக் கரைக்கப் பயன்படுத்திய திரவத்தை மட்டும் சேர்த்த ஒப்பீட்டுக் குழு கட்டாயம்.

ஆக்சிஜனேற்ற நெருக்கடி என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு. இதில் நான் மூன்று வாரம் வீணடித்திருக்கிறேன். 200 மைக்ரோமோலார் போட்டேன், செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 400 போட்டேன், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. புட்டி பழசாகிவிட்டது என்று புதிது திறந்தேன். கடைசியில் ஊடகப் புட்டியின் லேபிளை முழுதாக வாசித்தபோதுதான் சோடியம் பைருவேட் கண்ணில் பட்டது. பைருவேட் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிந்து அதைத் தீர்த்துவிடும். செல்லைத் தொடுவதற்கு முன்பே என் நெருக்கடி ஊடகத்திலேயே முடிந்துபோயிருந்தது. ஊடகத்தில் சேர்க்கும் சீரமும் ஓரளவு இதைச் செய்யும். பைருவேட் இல்லாத ஊடகம், குறைந்த சீரம், அப்போதே கலக்கிய பெராக்சைடு, இந்த மூன்றும் வேண்டும்.

எண்டோபிளாஸ்மிக் வலையில் நெருக்கடி உண்டாக்கத் தாப்சிகார்ஜின் அல்லது டுனிகாமைசின் என்ற வேதிப்பொருள். இரண்டும் கடுமையானவை, மணிக்கணக்கில் போதும். முதுமையைப் படிக்க வேண்டுமென்றால் சேதப்படுத்திய மறுநாளே அளக்காதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் காத்திருந்தால்தான் எது உண்மையில் முதுமை, எது தற்காலிகத் திகைப்பு என்று பிரியும்.

ஆறாம் படி: அளப்பதில் உள்ள குழிகள்

நேரம்தான் முதல் குழி. என்.எஃப். கப்பா பி உட்கருவுக்குள் போவதை 15 முதல் 30 நிமிடத்தில் பார்க்க வேண்டும், ஆர்.என்.ஏ.வைச் சில மணி நேரத்தில், சுரந்த புரதத்தை 24 முதல் 48 மணி நேரத்தில், அக்ரிகான் இழப்பை நாட்களில். எல்லாவற்றையும் 24 மணி நேரத்தில் அளந்துவிட்டு "என்.எஃப். கப்பா பி மாறவில்லை" என்று முடிவெழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆர்.என்.ஏ. அளவைக் காட்டும் கியூ.பி.சி.ஆர். போடும்போது ஒப்பீட்டு மரபணுவாக கேப்-டி.எச்.-ஐ யோசிக்காமல் எடுப்பது இரண்டாவது. அது குளுக்கோஸ் உடைக்கும் நொதி. ஆக்சிஜனையும் குளுக்கோஸையும் நீங்கள் மாற்றும்போது அதுவும் ஆடும். ஆடும் அளவுகோலால் எதை அளப்பது? இரண்டு மூன்று மரபணுக்களைச் சோதித்து, ஆடாததை எடுங்கள்.

எம்.டி.டி. சோதனை செல்லின் வளர்சிதை மாற்றத்தைக் காட்டும், உயிரை அல்ல. மைட்டோகாண்ட்ரியா சோர்ந்த செல்லையும் அது செத்ததாகச் சொல்லிவிடும். உயிர்-இறப்புச் சாயம் ஒன்றைக் கூடவே போடுங்கள். முதுமைக்குப் பயன்படும் நீலச் சாயமும், அதாவது பீட்டா கேலக்டோசிடேஸ் நொதியைக் காட்டும் சாயம், செல்கள் நெருக்கியடித்து நின்றாலே ஏறும். பி-16, பி-21, பிரிதல் நின்றது ஆகியவற்றோடு சேர்த்துத்தான் நம்ப வேண்டும். ஆல்ஜினேட் மணியில் டி.எம்.எம்.பி. சாயத்தால் சர்க்கரைச் சங்கிலிகளை அளப்பவர்கள் கவனம்: அந்தச் சாயம் ஆல்ஜினேட்டோடும் ஒட்டும். சாயத்தின் பி.எச்.-ஐக் குறைத்து, செல் இல்லாத மணியையும் கூடவே அளந்து கழியுங்கள்.

கடைசியாக எண்ணிக்கை. ஒரே வாலிலிருந்து எடுத்த செல்களை வளர்ப்புத் தட்டின் ஆறு குழிகளில் போட்டால் எண்ணிக்கை ஆறு அல்ல, ஒன்று. செல் கொடுத்த உயிர் ஒவ்வொன்றையும்தான் எண்ண வேண்டும். மனிதத் திசு என்றால் வயது, சிதைவின் தரம், எந்த மட்டத்து டிஸ்க் என்பதையும் பதிவு செய்யுங்கள். அறுவை சிகிச்சையில் கிடைக்கும் திசு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் வீடு. அதை நல்ல டிஸ்க் என்று ஒப்பீட்டுக் குழுவில் சேர்க்க முடியாது.

ஏழாம் படி: நோயாளியைப் பற்றி ஒரு வரி எழுதும் முன்

எலியில் வேலை செய்தது மனிதரிடமும் செய்யும் என்று எழுதத் தோன்றும்போது நோட்டோகார்டல் செல்களை நினையுங்கள். கருவிலிருந்து வரும் இந்தப் பெரிய, குமிழ்கள் நிறைந்த செல்கள் எலி, சுண்டெலி, பன்றி ஆகியவற்றின் டிஸ்க்கில் வளர்ந்த பிறகும் இருக்கும். மனிதரிடம் சுமார் பத்து வயதுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். வளர்ந்த மாட்டின் வால் டிஸ்க்கிலும் இல்லை. பயிற்சிக்கு மாட்டு வால் நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்கேனில் தெரியும் தேய்மானமும் வலியும் ஒன்றல்ல. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. உங்கள் தட்டில் எம்.எம்.பி.-3 இறங்கியது என்றால் எம்.எம்.பி.-3 இறங்கியது, அவ்வளவுதான். வலி குறையும் என்று எழுத உங்களிடம் என்.ஜி.எஃப். அளவாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் முதல் சோதனைக்குத் தேதி குறிக்கலாம். ஊடகப் புட்டியின் லேபிளை ஒரு முறை சத்தமாக வாசித்துவிட்டு.